பினாங்கில் போலீஸ் நிறுத்தினால் இறங்காதீர்கள்

என்னைப் போலீஸ் நிறுத்தாத மாநிலம் இந்தியாவில் குறைவு. சங்ககிரியில் லாரிக் கிளீனராகப் பிழைப்பைத் தொடங்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மிச்சம் எல்லாம் ரோட்டில் படித்தது. இன்று என் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு குவாஹாத்தி வரைக்கும் லாரிகள் போய்வருகின்றன. பட்டம் வாங்கிய பிள்ளைகள் என் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு?

அந்த ரோட்டுப் படிப்பில் முதல் பாடம் போலீஸ். காக்கிச் சட்டை கையைக் காட்டியதும் வண்டியை ஓரங்கட்டிக் கீழே குதிக்க வேண்டும். செருப்பு காலில் ஏறியதா என்றுகூடப் பார்க்காமல் அவர் நிற்கிற இடத்துக்கு ஓட வேண்டும். அவர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தால் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவரை நம் வண்டி வரைக்கும் நடக்க வைத்தால் அது திமிர். டிரைவரோடு முதலாளியும் சேர்ந்து இறங்கிப் போனால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்தப் பாடம் என்னை ஒரு தடவையும் கைவிட்டதில்லை.

இதே பாடத்தோடு பினாங்குக்குப் போனேன். அங்கே அது என் தங்கை மகளின் பிழைப்பைக் கவிழ்க்கப் பார்த்தது. நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது மலேசியா போகிறார்கள், வாடகைக் கார் எடுத்து ஓட்டவும் செய்கிறார்கள். அவர்கள் காதில் இது விழட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தங்கை ருக்மணியைப் பினாங்கில் கட்டிக்கொடுத்தது அந்தக் காலம். அவளுடைய மகள் கலைவாணி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். மாப்பிள்ளை தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கலைவாணி பல வருஷம் அடுத்தவர் பள்ளி வேனை ஓட்டிவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு மஞ்சள் வேன் வாங்கிவிட்டாள். போனில் கூப்பிட்டு, தாய்மாமன் வந்து முதல் பூசை போடாமல் அதில் ஒரு பிள்ளையையும் ஏற்ற மாட்டேன் என்றாள். என் லாரி ஒவ்வொன்றுக்கும் முதல் பூசை என் கையால்தான் நடந்திருக்கிறது. என் ரத்தத்தில் வந்த பெண் ஸ்டியரிங் பிடிக்கிறாள், நான் போகாமல் இருப்பேனா? சந்தனப் பொடி, பவானிக் குங்குமம், கறுப்புத் திருஷ்டிக் கயிறு எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலையத்துக்கு அந்த வேனையே கொண்டுவந்திருந்தாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் வழக்கப்படி இடது கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக் கதவைத் தட்டினேன். கலைவாணி வண்டியை எடுக்கவே இல்லை.

"மாமா, கைய உள்ள வைங்க. பெல்ட் போடுங்க லா. இது சங்ககிரி இல்ல."

போட்டேன். வயிற்றில் கட்டிய அந்தப் பட்டையோடு ஊரைப் பார்த்துக்கொண்டு போனேன். ரோடு என்றால் ரோடு. குழி இல்லை, மாடு இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. அந்த அமைதியே எனக்குப் பயமாக இருந்தது. நம் ஊரில் ஹாரன் சத்தத்தை வைத்தே பின்னால் வருவது டேங்கரா டெம்போவா என்று சொல்லிவிடுவேன். இங்கே எதுவும் சொல்லாமல் பக்கத்தில் வந்து, எதுவும் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள். ஒரு சிக்னலில் குறுக்கே ஈ காக்கை இல்லை. ஆனாலும் சிவப்பு மாறும் வரைக்கும் நின்றாள். "யாரும் வரலையே கண்ணு" என்றேன். மேலே இருந்த கேமராவைக் கண்ணாலேயே காட்டினாள்.

வழியில்தான் அவளுடைய கவலையைச் சொன்னாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு அவள் வைத்திருக்கிற தனி லைசென்ஸைப் புதுப்பிக்கிற நாள் நெருங்கிவிட்டது. நான் ஊர் திரும்புகிற அன்றைக்கே அவளுக்கு லைசென்ஸ் ஆபீசில் வேலை, அது முடிந்த பிறகுதான் புது வேனில் பிள்ளைகளை ஏற்ற முடியும். போன வருஷம் பள்ளி வாசலில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு ஏற்கெனவே ஒரு சம்மன், அதாவது அபராதச் சீட்டு, வாங்கியிருக்கிறாள். இப்போது புதிதாக ஒன்று விழுந்தால் புதுப்பிப்பது தள்ளிப்போகும். அது வரைக்கும் வேன் வீட்டு வாசலில் நிற்கும். பிள்ளைகளின் அம்மாக்கள் காத்திருப்பார்களா? அடுத்த வாரமே வேறு வேனில் ஏற்றிவிடுவார்கள். போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

"இங்க போலீஸ் நிறுத்தினா என்ன பண்ணுவே அம்மிணி?" என்று கேட்டேன்.

"ஓரமா நிறுத்தி, இன்ஜின ஆஃப் பண்ணி, கண்ணாடிய இறக்கிட்டு, ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அவரு வருவாரு."

"அவரு வர்றதா? நீ எறங்கிப் போக மாட்டியா?"

"எறங்கினா அவருக்குப் பயம் வந்துரும் மாமா."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். போலீசுக்குப் பயமா? இன்னொன்றும் சொன்னாள். கையில் எதையும் நீட்டிவிடக் கூடாதாம், அதற்குத் தனியாகக் கேஸ் போட்டு உள்ளேயே தள்ளிவிடுவார்களாம். நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்றேன். என் சட்டைக்குள் எங்கள் லாரி உரிமையாளர் சங்கத்தின் அட்டை இருக்கிறது, அதில் என் படத்துக்குக் கீழே "துணைத் தலைவர்" என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ செக்போஸ்ட்டில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். அவள் ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள்.

டத்தோ கிராமாட்டில் பழைய வரிசை வீடுகளில் ஒன்று ருக்மணியுடையது. முழங்கால் வலியில் நாற்காலியை விட்டு அசைய மாட்டாள், வாய் மட்டும் ஊரைச் சுற்றிவரும். நான் சாப்பிட உட்கார்ந்ததும், "இளைச்சுட்டே அண்ணா" என்றாள். என் தொப்பையைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காலையில் கடையிலிருந்து ரொட்டி சானாய் வாங்கி வைத்தார்கள். நம் பரோட்டாவின் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெலிசு, மொறுமொறுப்பு, கூடப் பருப்புக் குழம்பு. தேநீரைக் கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுகிறார்கள். நாமக்கல் பைபாஸில் என் டிரைவர்கள் குடிக்கிற டீயை இதன் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் தட்டுக்குள் கொட்டிக் குடிக்க யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் கலைவாணிக்குப் பழைய முதலாளியிடம் கணக்கு முடிக்கிற வேலை. நான் தனியாகவே லிட்டில் இந்தியா போய்ப் பூசைச் சாமான் வாங்கிவருகிறேன் என்று கிளம்பினேன். மார்க்கெட் தெருவில் நுழைந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்ட மாதிரி இருந்தது. துணிக்கடை, நகைக்கடை, மசாலா வாசனை, பெட்டியில் சத்தமாகப் பாட்டு. பூக்கடை அக்கா ஒருத்தி எலுமிச்சம்பழம் எத்தனை என்று கேட்டாள். டயருக்கு ஒன்றாக, மாலைக்குக் கொஞ்சம் என்றேன். "புது காடியா அண்ணே? தண்ணீர்மலைக்குப் போறீங்களா? நம்பர் மேல பூ தொங்காமப் பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். எனக்கே புத்தி சொல்கிறாளே என்று நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் ஒரு சீனக் கிழவி இறங்கினாள். கைத்தடியோடு மெதுவாக இறங்கி நடைபாதையில் நின்றுவிட்டாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் கை சும்மா இருக்குமா? கிளீனர் காலத்துப் பழக்கம், பஸ்ஸின் உடம்பில் படபடவென்று இரண்டு தட்டு. நம் ஊரில் அதற்கு அர்த்தம், ரைட், போகலாம். பஸ் நகர ஆரம்பித்திருந்தது, சடக்கென்று நின்றது. நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். டிரைவர் இறங்கி ஓடிப் பின் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். கூட வந்த ஒரு தமிழ்த் தம்பி டிரைவரிடம் மலாயில் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு என்னிடம், "இங்க தட்டினா நிப்பாட்டுன்னு அர்த்தம் அங்கிள்" என்றான். மிச்ச வழி முழுக்க இரண்டு கையையும் சாமான் பைக்குள் விட்டுக்கொண்டு வந்தேன். என் கை எனக்கே தெரியாமல் என்னென்ன பேசிவைக்குமோ என்று அன்றைக்குத்தான் முதல் கவலை வந்தது. வீட்டில் இதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை. தண்ணீர்மலை அடிவாரத்தில் வேனை நிறுத்தினோம். மேலே முருகன், பச்சைமலை, ஏறிப்போகிற படிக்கட்டு. தைப்பூசத்துக்கு இந்த ரோடு முழுக்கத் தேங்காய் உடைபடும் என்று கலைவாணி சொன்னாள். பூசைக்கு முன்னாலேயே எனக்கு ஒரு சட்டம் போட்டாள். கண்ணாடியிலே வேண்டாம், விளக்கிலே வேண்டாம், நம்பரிலே வேண்டாம். மற்ற இடத்தில் மாமா இஷ்டம்.

முன்பக்கம் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பம்பரில் சந்தனம் வைத்தேன், மாலையை நம்பர் மறையாமல் தூக்கிக் கட்டினேன். அர்ச்சகரைக் கூப்பிட அவள் அடிவாரக் கோயிலுக்குள் போனாள். நான் பின்பக்கம் வந்தேன்.

வண்டிக்கு நெற்றி எது என்று என்னைக் கேட்டால் நம்பர் போர்டு என்றுதான் சொல்லுவேன். என் லாரி ஒன்றும் வெறும் நெற்றியோடு பட்டறையை விட்டு வெளியே வந்ததில்லை. சந்தனத்தை நன்றாகக் குழைத்து மூன்று விரலால் போர்டு நீளத்துக்கு இழுத்தேன். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, ஓரத்தில் இரண்டு சின்னது. அவள் சொன்னது கேமரா பார்க்கிற முன்பக்கத்தைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேன் மங்களகரமாக இருந்தது. அர்ச்சகர் தீபாராதனை காட்டினார், கலைவாணி எலுமிச்சம்பழத்தின் மேல் வேனை ஏற்றி இறக்கினாள், நான் தேங்காயை ஒரே வீச்சில் சிதறடித்தேன். அவள் என் காலில் விழுந்து கும்பிட்டாள். பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். கண்ணாடியில் நீல விளக்கு மினுங்கியது. மோட்டார் சைக்கிளில் ஒரு போக்குவரத்துப் போலீஸ், பக்கத்தில் வந்து ஓரமாகக் கையைக் காட்டினார். கலைவாணியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் சொன்னபடியே செய்தாள். சமிக்ஞை போட்டாள், மரத்தடியில் நிறுத்தினாள், இன்ஜினை அணைத்தாள், கண்ணாடியை இறக்கினாள், இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேலே வைத்தாள்.

நான் அதற்குள் கீழே இருந்தேன்.

யோசித்து இறங்கவில்லை. கால் தானாக இறங்கியது. பெல்ட்டை எப்போது கழற்றினேன் என்றுகூடத் தெரியாது. மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அவரை நோக்கி வேகமாக நடந்தேன். மரியாதைக்கு முகத்தில் ஒரு சிரிப்பு. வலது கை சட்டைக்குள் போய்ச் சங்க அட்டையைத் தேடியது.

அவர் நடுவயசுக்காரர்தான், நாற்பது இருக்கும். என்னைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் போனார். இடது கையை விரித்து எனக்கு நேரே நீட்டினார், வலது கை இடுப்புக்குப் போனது. இடுப்பில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மலாயில் ஏதோ சொன்னார். சத்தம் அதிகமில்லை. ஆனால் அந்தக் குரலில் பயம் இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ போலீசின் கோபத்தைப் பார்த்திருக்கிறேன். பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேனுக்குள்ளிருந்து கலைவாணியின் குரல் வந்தது. கத்தவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை, கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை.

"மாமா. கைய வெளிய எடுங்க. வெறுங்கையா. மெதுவா. அப்படியே பின்னால வந்து ஏறி உக்காருங்க."

அட்டையை விட்டுவிட்டு வெறும் கையை எடுத்தேன். பின்னுக்கு நடந்து, சீட்டைத் தடவிப் பார்த்து ஏறினேன். "கைய முன்னால டேஷ்போர்டு மேல வைங்க" என்றாள். வைத்தேன். லாரிகளுக்கு முதலாளி, சங்கத்துத் துணைத் தலைவர், சின்னப் பிள்ளை பெஞ்சின் மேல் கை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவர் டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்தார். "செலாமத் பாகி, துவான்" என்றாள் கலைவாணி. காலை வணக்கம் ஐயா என்று அர்த்தம். அதற்குமேல் ஓடிய பேச்சு எனக்குப் புரியவில்லை. புரியாத பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போன்ற வேதனை வேறு இல்லை.

"என்ன சொல்றான்?" என்றேன்.

"சொல்றாருன்னு சொல்லுங்க மாமா" என்றாள், உதடு அசையாமல்.

அப்புறம் வீட்டில் அவள் சொன்னதை வைத்து இதை எழுதுகிறேன். பின் நம்பர் மறைந்திருக்கிறது, வேண்டுமென்றே மறைத்த வண்டியா என்று பார்க்கத்தான் நிறுத்தினேன் என்றிருக்கிறார். உங்கள் ஆள் ஏன் என் மேல் பாய்ந்து வந்தார் என்றும் கேட்டிருக்கிறார். என் மாமா, வெளிநாட்டிலிருந்து வந்தவர், அங்கே போலீசுக்கு மரியாதை செய்வதென்றால் இறங்கி வருவதுதான் வழக்கம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நம்பருக்கு மாமாதான் காரணம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டியை எடுக்கும் முன் சுற்றிவந்து பார்க்காதது என் தப்பு என்றுதான் சொன்னாளாம்.

அவர் லைசென்ஸ் கேட்டார். அப்போது அவள் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். சொல் புரியாவிட்டாலும் செயல் புரிந்தது. கை உடனே நகரவில்லை. முதலில் பின்சீட்டுப் பையைத் தலையால் காட்டி ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்தார். அதற்கப்புறம்தான் ஒரு கை மட்டும் மெதுவாகப் போய்ப் பையைத் தொட்டுப் போனை எடுத்தது, அங்கே லைசென்ஸ் போனுக்குள்ளேயே இருக்கிறது. கை போவதற்கு முன்னால் சொல் போகிறது, அனுமதி வருகிறது, அப்புறம் கை போகிறது. என் லாரி டிரைவர்கள் யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

கொஞ்ச நேரத்தில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். கலைவாணியின் கண் கலங்கியிருந்தது.

"மாமா, நம்பர்ல சந்தனம் வச்சீங்களா? வேண்டாம்னு சொன்னேன்ல?"

டேஷ்போர்டிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி என்னைச் சுட்டிக்காட்டிக்கொண்டேன். "நான்தான்னு சொல்லு அம்மிணி. இந்தப் புள்ள பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு."

அவள் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் அசையவில்லை.

"எறங்கலாம் மாமா. இப்பக் கூப்பிடுறாரு."

இறங்கினேன். வெறும் கை இரண்டும் அவர் கண்ணுக்குத் தெரியும்படி, கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம் ஏந்துகிறவன் மாதிரி நடந்தேன். அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். காய்ந்த சந்தனத்தை ஒரு விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் இந்த ரோட்டில் காவலுக்கு நிற்கிறவராம், இந்த வாசனை தெரியும் என்றாராம். அதனால் மனசு இளகிவிடவில்லை. போனை எடுத்து நம்பரைப் படம் பிடித்தார். துடை என்று சைகை காட்டினார்.

என் தோளில் ஜரிகைத் துண்டு இருந்தது, பூசைக்கென்று புதிதாக எடுத்தது. கலைவாணி தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து துடைத்தேன். பவானிக் குங்குமம் லேசில் போகாது, அது நயம் சரக்கு. தேய்க்கத் தேய்க்கப் போர்டு முழுக்கச் சிவப்பாகப் பரவியது. போகிற கார்கள் எல்லாம் வேகம் குறைத்து என்னைப் பார்த்துப் போயின. ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. முழுக்க வந்ததும் அவர் மறுபடியும் படம் பிடித்தார். கலைவாணியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"விட்டுட்டாரா?" என்றேன்.

"தெரியல மாமா. மேல கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவாராம். சம்மன்னா போன்ல வருமாம். வரலேன்னா எச்சரிக்கையோட போச்சு."

எப்போது வரும் என்று கேட்டேன். அதையும் சொல்லவில்லையாம்.

வீட்டில் ருக்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பூசை போட வந்தியா அண்ணா, வண்டிய நிப்பாட்ட வந்தியா?" என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்கப்புறம் இருந்த நாட்களில் பினாங்கை நான் சுற்றிப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டைக் கொத்தளத்தைப் பார்த்தேன், கடலைப் பார்த்தேன். சைக்கிள் ரிக்‌ஷாவில் பூ சுற்றி, உள்ளே பாட்டு வைத்து ஓட்டுகிறார்கள், அதிலும் ஏறினேன். நம்பர் போர்டு இருக்கிறதா என்று முதலில் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். செண்டோல் என்று ஒன்று தருகிறார்கள். துருவிய ஐஸில் தேங்காய்ப் பால், கருப்பட்டிப் பாகு, பச்சைப் புழு மாதிரி மாவு. நல்ல பண்டம். ஒரு கரண்டி வாயில் வைத்ததும், இந்நேரம் போனில் வந்திருக்குமோ என்று நினைப்பு வந்தது. மிச்சம் கிண்ணத்திலேயே கரைந்தது.

கலைவாணி தினமும் காலையில் கோப்பி குடித்ததும் போனைத் திறந்து பார்ப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் புருவத்தைப் பார்ப்பேன். "இன்னும் இல்ல" என்பாள். அந்த 'இன்னும்' என்னைக் கொன்றது. நானே அந்தப் போலீஸ் நிலையத்துக்குப் போய், சங்க அட்டையைக் காட்டி, முதலாளி மாதிரிப் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"மாமா, தயவுசெஞ்சு நீங்க எங்கயும் எறங்காதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பள்ளிப் பிள்ளைகளின் அம்மா ஒருத்தி வீட்டுக்கே வந்து, வேன் எப்போது வரும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டுப் போனாள். கலைவாணி தைரியமாகத்தான் பதில் சொன்னாள். அந்த அம்மா போனதும் வாசலில் நின்ற வேனை வெறும் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் என் முதல் லாரியை, கடன்காரன் வந்து போன அன்றைக்கு, நானும் இப்படித்தான் துடைத்தேன். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை.

கிளம்புகிற காலையிலும் போனில் ஒன்றும் இல்லை. ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வரலாம் என்றாள். என்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நேராக அங்கே போவதாகத் திட்டம். வண்டியை எடுக்கும் முன் முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேல் இருந்த வெயில் மறைப்பை இறக்கி அதன் உள்பக்கத்தைக் காட்டினாள்.

"நெத்தியில வைக்காமப் போனா உங்களுக்கு மனசு கேக்காது. இங்க வைங்க மாமா. எனக்கு மட்டும் தெரியும்."

குங்குமச் செப்பைத் திறந்து ஒரு பொட்டு வைத்தேன். சின்னதாகத்தான்.

திருச்சியில் இறங்கியதும் என் டிரைவர் பழனி காரோடு நின்றான். போனைப் போட்டதும் கலைவாணிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். இன்னும் அந்த ஆபீசிலேயே இருக்கிறாள் என்றால் நல்லதா கெட்டதா? நாமக்கல் ரோட்டில் வரும்போது நம் ஊர் ஹாரன் சத்தம் காதுக்கு ஆறுதலாக இருந்தது, மனசுக்கு இல்லை.

முசிறி தாண்டி ஒரு இடத்தில் வண்டிச் சோதனை. கை காட்டினார்கள். பழனி ஓரங்கட்டிக் குதித்து ஜீப்பைப் பார்த்து ஓடினான். நான் கற்றுக்கொடுத்த ஓட்டம். நான் கண்ணாடியை இறக்கினேன். இரண்டு கையையும் டேஷ்போர்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எஸ்.ஐ. பழனியிடம் பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கடைசியில் அவரே நடந்து வந்தார்.

"என்ன பெரியவரே, முதலாளின்னா எறங்க மாட்டீங்களோ? கைக்கு என்ன ஆச்சு?"

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. கை துடித்தது. நகர்த்தவில்லை.

"ஐயா, சட்டைப் பையில போன் அடிக்குதுங்க. எடுத்துக்கட்டுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க போனுக்கு என்னய்யா கேக்குறீங்க? எடுங்க."

ஒரு கையை மட்டும் மெதுவாக எடுத்தேன். கலைவாணிதான். மூச்சு வாங்கப் பேசினாள்.

"மாமா, கெடைச்சிருச்சு. ஒண்ணுமே வரல, எல்லாம் சுத்தமா இருக்குன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில பிள்ளைங்கள ஏத்துறேன்."

"பாத்து ஓட்டு கண்ணு" என்று மட்டும் சொன்னேன். எஸ்.ஐ. இன்னும் ஜன்னல் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"நல்ல சேதியா?"

"என் தங்கச்சி மகளுக்குப் பள்ளிக்கூட வேன் லைசென்ஸுங்க. பினாங்குல. புதுப்பிச்சுட்டாங்க."

"அப்படியா? சரி, அந்தச் சந்தோஷத்துக்காவது எறங்கி வாங்க பெரியவரே. அங்க டீ சொல்லியிருக்கு."

"எறங்கலாமுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துத் தலையாட்டியதற்கு அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.